குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது

சென்னை
4 ஜூலை 2023

அன்புத் தங்கை வேளாங்கண்ணிக்கு,

நானும் ஜாஸ்பினும் நலம். நீயும் மாப்பிள்ளை சந்தனசாமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். “போன்ல நீங்க பேசுறீங்க, நான் உம் கொட்டுறேன். எனக்குன்னு ஏதாவது சொல்லணும்னா எழுதித்தான் சொல்லணும்” என்று சென்ற மாதம் நீ சொன்னதை நான் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஆகவே எழுதுகிறேன். பதிலையும் எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். நம் ஆவூரில், நாற்பது வயதைக் கடந்த, முழங்காலில் வலியே இல்லாத அறுபது பேர் எனக்குத் தேவை. வலி உள்ளவர்களை விட்டு வலி இல்லாதவர்களைத் தேடும் விசித்திரம் என்ன என்று நீ கேட்பாய். மூட்டுக்குள் இரண்டு எலும்புகளும் உரசாமல் காப்பது குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ஆகவே அது தேயும்போது வலிக்காது. வலி வரும்போது தேய வேண்டியதில் பெரும்பகுதி தேய்ந்திருக்கும். எக்ஸ்ரேயும் அதுவரை எதையும் காட்டாது. ஆனால் குருத்தெலும்பு சிதையத் தொடங்கியதுமே அதன் புரதத் துணுக்குகள் ரத்தத்திலும் சிறுநீரிலும் உதிர்கின்றன. அவற்றை அளந்து, வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூட்டுத் தேய்மானத்தைக் கண்டறிய முடியுமா என்பதே என் ஆய்வு.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் என் ஆய்வு மாணவி பிரகதீஸ்வரி வருவாள். அம்மாதத்தில் நம் பக்கம் வயல் வேலை இராது என்பதால்தான் அதைத் தேர்ந்தேன். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எவரும் கடினமான உடல் உழைப்பில் ஈடுபடக் கூடாது. இதை நீ கண்டிப்போடு சொல்ல வேண்டும்.

ஒப்பிடுவதற்கு அன்னவாசலிலும் அறுபது பேரை எடுக்கிறோம். ஏன் ஆவூர் என்பதை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் அவர்கள் தரும் பதில்கள் கெட்டுவிடும்.

உன் அண்ணன்,
சார்லஸ்

*

சேசு மரி சூசை

ஆவூர்
19 ஜூலை 2023

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கு சர்க்கரை எப்படி இருக்கிறது? அண்ணி சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அறுபது பேர் என்ன, தொண்ணூறு பேர் வந்துவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரே பீடத்திலிருந்து அறிவித்தார். “நம்ம ஊரு பிள்ளை, பெரிய படிப்புப் படிச்சவர், நம்ம ரத்தத்தைத்தான் கேக்குறார்” என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “அவரு ஊருக்கு வந்தே ஆறு வருசமாச்சு, ரத்தத்தையாவது பாத்துட்டுப் போகட்டும்” என்றது. யார் என்று சொல்லமாட்டேன். நான் இல்லை.

வலி உள்ளவர்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். நம் தெருக் கோடி பிச்சையம்மாள் மதினிக்கு மாடிப்படி ஏறினால் முட்டி கடகடவென்று சத்தம் போடும். “சத்தம்தானே போடுது, வலிக்கலையே” என்று வழக்காடி இடம் பிடித்துவிட்டார். எனக்கு எந்த வலியும் இல்லை. என்னையும் சேர்த்திருக்கிறேன். தலைமையாசிரியை முதலில் கை நீட்டினால் மற்றவர்கள் பயப்படமாட்டார்கள்.

உடல் உழைப்புக் கூடாது என்ற உங்கள் உத்தரவை இவர் இப்போதே பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால், “மச்சான் தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காருல்ல” என்று நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. செப்டம்பரில்தான் அது என்று சொன்னால், “பழகிக்கிர்றேன்” என்கிறார்.

ஆகஸ்டு கடைசியில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. கடிதம் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
வேளாங்கண்ணி

*

சேசு மரி சூசை

ஆவூர்
16 செப்டம்பர் 2023

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பூரணமாக வேண்டிக்கொண்டேன்.

உங்கள் பிரகதீஸ்வரி நல்ல பெண். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்ட அட்டை கொடுத்து, புட்டியிலும் அதே எண்ணை ஒட்டினாள். பெயரை எதிலும் எழுதவில்லை. எண்ணுக்குரிய பெயர் உங்களுக்கே தெரியாதாமே. “எங்க சாருக்குச் சொல்லவே மாட்டோம். பூட்டி வச்சிருவாங்க” என்றாள். இவர் கேட்டார்: “சாமியாருகிட்டச் சொல்ற பாவசங்கீர்த்தனம் மாதிரியா தாயி?” அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

அட்டையை எல்லோரும் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். நல்ல செய்தி வரும் என்று ஊரே காத்திருக்கிறது. டீக்கடையில் உங்களை “நம்ம புரொபசர்” என்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

உங்கள் தங்கை,
வேளாங்கண்ணி

*

சென்னை
20 நவம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது. உன் பள்ளி வேலையும் மாப்பிள்ளையின் உடல்நலமும் செம்மையாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. இருபத்தாறு ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவான வேறுபாட்டை என் ஆய்வுக்கூடம் கண்டதில்லை. ஆவூர்க்காரர்களின் ரத்தத்தில் குருத்தெலும்புத் துணுக்குகள் அன்னவாசல்காரர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கின்றன. வயது ஒன்று, எடை ஒன்று, உழைப்பு ஒன்று, மண்ணும் தண்ணீரும் ஒன்று. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அதை இப்போது சொல்லலாம். நம்மவர்கள் முழந்தாளிடுகிறார்கள்; அன்னவாசலில் அந்த வழக்கம் இல்லை. பூசையில், செபமாலையில், தவக்காலச் சிலுவைப்பாதையில், நான்கைந்து வயதிலிருந்து சிமெண்டுத் தரையில் முழந்தாளிடுகிறார்கள். முழங்காலை முற்றிலும் மடக்கி உடலின் எடையை அதன்மேல் ஏற்றும்போது குருத்தெலும்பின்மீது விழும் அழுத்தம் சாதாரணமானதன்று. இதை நான் மூன்றாண்டுகளுக்கு முன்பே ஊகித்தேன். இன்று என்னிடம் சான்று இருக்கிறது.

ஜனவரி இறுதியில் ஐதராபாத்தில் நடக்கும் மாநாட்டில் இதை அறிவிக்கிறேன். பிரகதீஸ்வரியின் முனைவர் பட்டமும் இம்முடிவின் மேல்தான் நிற்கிறது. துறையில் என்னை ஒதுக்கி வைத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்பார்கள். என் ஊரிலிருந்தே இதைக் கண்டெடுத்தேன் என்பதில் எனக்குள்ள பெருமையை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இதைச் சாமியாரிடம் எடுத்துச் சொல். நாற்பது கடந்தவர்கள் அமர்ந்தே செபிக்கலாம். இன்னொன்று: பலருடைய பாதங்களில் ஆறாத கொப்புளங்களைக் கண்டதாகப் பிரகதீஸ்வரி சொன்னாள். செருப்பில்லாமல் நடக்கும் பழக்கத்தை நம்மவர்கள் இன்னுமா விடவில்லை?

உன் அண்ணன்,
சார்லஸ்

*

சேசு மரி சூசை

ஆவூர்
11 டிசம்பர் 2023

அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பதில் சந்தோஷம்.

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தைச் சாமியாரிடம் காட்டினேன். அவர் மனசு நோகாமல், “அவர் படிச்சவர், சொன்னாச் சரியா இருக்கும்” என்று மட்டும் சொன்னார். ஆனால் மறுஞாயிறு பூசையில், அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது ஊரில் ஒருவர்கூட உட்காரவில்லை. முழந்தாளிட முடியாதவர்கள்கூட முழந்தாளிட்டார்கள். உங்கள் மேல் உள்ள கோபத்தில் இத்தனை பக்தி வந்து நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் இப்போது புரொபசர் என்ற பேச்சு இல்லை. இவர் சொல்வதை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்: “மச்சான் முப்பது வருசமா முட்டி போடலை. அதுக்கு ஒரு காரணம் வேணும்ல. அதான் இப்பக் கண்டுபிடிச்சிட்டாரு.”

நான் கோபமாக எழுத உட்காரவில்லை. ஒன்றைக் கேட்கவே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். இரண்டு ஊருக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? முழந்தாளிடுவதால்தான் அந்தத் துணுக்கு உதிர்கிறது என்று ரத்தத்தில் எழுதியிருக்கிறதா? வேறு எதனாலும் உதிராதா? உதாரணமாக, நடந்தால்கூட உதிருமா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

வேளாங்கண்ணி

*

சென்னை
15 டிசம்பர் 2023

வேளாங்கண்ணிக்கு,

நலம்.

நடந்தால் உதிரும். சற்று நேரம் நடந்தால் சிறிது உதிர்ந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாள்கணக்கில் நடந்தால் மிகுதியாக உதிர்ந்து, அடங்கவும் நாள்கள் ஆகும்.

யார் நடந்தார்கள்?

சார்லஸ்

*

சேசு மரி சூசை

ஆவூர்
22 டிசம்பர் 2023

அண்ணனுக்கு,

உங்கள் ஒருவரிக் கேள்வி வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சுகமா என்று கேட்கும் தைரியமும் இல்லை.

ஊரே நடந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு, ஆவூரிலிருந்து கோயில் வாசல்வரை. நீங்கள் ஊரில் இருந்த காலத்தில் லாரி பிடித்துப் போவோம், நினைவிருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் இளவட்டங்கள் கொடி எடுத்து நடக்க ஆரம்பித்தார்கள். இப்போது வீட்டுக்கு ஒருவராவது காவி கட்டாமல் இருப்பதில்லை. சமையல் வண்டி முன்னால் போகும்; நாங்கள் தஞ்சாவூர் வழியாக ராத்தங்கி ராத்தங்கி நடப்போம். எட்டாம் தேதி திருவிழா. ஒன்பதாம் தேதி பஸ்ஸில் திரும்பினோம். பதினோராம் தேதி உங்கள் மாணவி வந்தாள். உங்கள் அறுபது பேரில் பெரும்பாலோர் நடந்தவர்கள். நானும் நடந்தேன்.

“ரெண்டு வாரத்துல கஷ்டமான வேலை ஏதும் செஞ்சீங்களாம்மா?” என்று அவள் பிச்சையம்மாள் மதினியிடம் கேட்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மதினி மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் வருஷம் தவறாமல் எங்களோடு நடப்பார். “ஒரு கஷ்டமும் இல்ல தாயி. ஒரு சொம்புத் தண்ணிகூடத் தூக்கல” என்றார். சத்தியம். உங்கள் உத்தரவுக்காக ஊரில் ஒருவரும் மூட்டை தூக்கவில்லை, மண் வெட்டவில்லை. இவர் குடம் தூக்காததையும் எழுதியிருந்தேன். அப்படி உடம்பைப் பத்திரமாக வைத்திருந்துவிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்தோம்.

மறைக்க நினைக்கவில்லை அண்ணா. நேர்ச்சைக்கு நடப்பதை எங்கள் யாருக்கும் உழைப்பாக நினைக்கத் தெரியாது. கஷ்டப்பட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால் நேர்ச்சை வீணாகிவிடும் என்பது இங்கே வழக்கம். நடந்து வந்தவர் கொப்புளத்தைக்கூட யாருக்கும் காட்டமாட்டார்.

ஏன் ஆவூர் என்று நீங்களும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் உங்களுக்குச் சொல்லவில்லை.

வேளாங்கண்ணி

*

சென்னை
2 ஜனவரி 2024

வேளாங்கண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்தை ஜாஸ்பின் தனியாக அனுப்புவாள்.

என் கட்டுரையை மாநாட்டிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தை எழுத வேண்டிய இடத்தில், “மாதிரி தந்தவர்கள் ஆய்வுக்கு முன் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தனர், தலைமை ஆய்வாளர் அதை அறியவில்லை” என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை மென்மையாக்கும்படி மூவர் அறிவுரை சொன்னார்கள். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பொய்யான முடிவோடு மேடையேறிக் கைதட்டல் வாங்கியவன் என்ற பெயரைவிட, தன் சொந்த ஊரின் நாள்காட்டி தெரியாதவன் என்ற பெயர் எனக்குக் கௌரவமானது. ஆம், அதுவும் சிறிய பெயரன்று; ஒரு வார காலமாகத் துறையில் அது வழங்கி வருகிறது.

நான் கோபமாக இல்லை என்று எண்ணிவிடாதே. இதுவரை என் வாழ்வில் இவ்வளவு கோபத்தோடு இவ்வளவு நிதானமாக நான் எழுதியதில்லை. பிரகதீஸ்வரி புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் படிக்க வந்த பெண். அவளுடைய மூன்றாண்டு உழைப்பின் மீது உங்கள் ஊர் நடந்து சென்றிருக்கிறது. அவள் என் அறையில் வந்து நின்று, “பரவால்ல சார், திரும்ப எடுப்போம்” என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஜனவரி 20 அன்று அவள் மீண்டும் வருவாள். அதே அறுபது பேர், அதே அட்டை எண்கள். அந்நாளுக்கு முன் எவரும் எந்தத் தெய்வத்துக்காகவும் எங்கும் நடந்துவிடக் கூடாது. அவளை மரியாதையாக நடத்தவும்.

ஒரு கேள்வி. நேர்ச்சை என்கிறாயே, ஊரே சேர்ந்து நேர்ந்துகொள்ளும்படி அப்படி என்ன வேண்டுதல்? மழையா, தேர்தலா?

சார்லஸ்

*

ஆவூர்
18.2.24

மச்சானுக்கு சந்தனசாமி எழுதிக்கொண்டது. நலம், நாடுவதும் அதுவே.

நான் எழுதுறது உங்க தங்கச்சிக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த வீட்டுல எனக்குச் சோறு கெடையாது. ஒங்க கேள்விக்கு ஒன்றரை மாசமா அது பதில் எழுதலை. பேனாவை எடுக்கும், வைக்கும். அதான் நான் எழுதுறேன். எழுத்துப்பிழையை மன்னிச்சுக்கங்க. நான் மஸ்கட்டுல கிரேன் ஓட்டினவன்.

மழைக்கும் இல்ல, தேர்தலுக்கும் இல்ல. ஒங்களுக்காகத்தான் நடந்தோம்.

ஜூலையில ஒங்க லெட்டர் வந்ததும் அது சாமியாருகிட்டப் போச்சு. எங்கண்ணன் இருபத்தாறு வருசமா ஒத்தையில போராடுறாரு, அந்த ஆராய்ச்சி ஜெயிக்கணும்னு இந்த வருசக் கொடிக் கருத்தா, ஊரு வேண்டுதலா வைங்க சாமின்னு கேட்டுச்சு. சாமியாரும் ஊரும் சரின்னாங்க. கொடியில ஒங்க பேரைத்தான் துண்டுல எழுதிக் கட்டினாங்க. வழி நெடுக, ஒரத்தநாட்டுக்காரன், மன்னார்குடிக்காரன் எல்லாம், “யாருப்பா சார்லஸ்? செத்துட்டாரா?” ன்னு கேட்டான். நான்தான், “இல்லப்பா, சென்னையில இருக்காரு”ன்னேன்.

நீங்க எழுதின மாதிரி, ஒங்க ஆராய்ச்சி மேலதான் நடந்திருக்கோம். ஜெயிக்கட்டும்னுதான் நடந்தோம். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கங்க மச்சான், எனக்கு வரலை.

இன்னொண்ணு. ஊரு நேந்தது போக, அது தனக்குன்னு மூணு வருசம் நடக்கிறேன்னு நேந்திருக்கு. மொத வருசமே இப்படி ஆச்சு. திரும்பி வந்ததுலேருந்து எடது முட்டி சரியில்ல. வலிக்கலைன்னுதான் சொல்லுது. ஆனா பள்ளிக்கூடத்துல மாடியில இருந்த எட்டாப்பைக் கீழ கொண்டாந்துருச்சு. கேட்டா, பிள்ளைங்களுக்குக் காத்து வரலைங்குது. கீழதான் காத்தே கெடையாது. கோயில்ல முட்டி போட்டுட்டு எந்திரிக்கையில பெஞ்சைப் பிடிக்குது. ஒங்க மேல கோவத்துல முட்டி போடுதுன்னு ஊரு நெனக்கிது. அது எந்திரிக்க முடியாததை யாரும் பாத்துறக் கூடாதுன்னு கடைசி ஆளா எந்திரிக்குது. பாத்தது நான் ஒருத்தன்தான்.

ஒங்க கோவம் ஞாயம்தான். ஆனா நீங்க அதைவிடப் பெரிய ஆளு.

மாப்பிள்ளை,
சந்தனசாமி

*

சென்னை
9 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை வேளாங்கண்ணிக்கு,

நானும் ஜாஸ்பினும் நலம். உன் நலத்தை நீ எழுதுவாய் என்று ஏழு வாரம் காத்திருந்தேன். நீ எழுதவில்லை. நானும் இந்த முடிவு கையில் வரும்வரை எழுதக் கூடாது என்று இருந்தேன்.

முதலில் தீர்ப்பு. நான் தவறாகச் சொன்னேன். ஜனவரியில் எடுத்த மாதிரிகளில் ஆவூரின் அளவும் அன்னவாசலின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. முழந்தாளிடுவதற்கு எதிராக என்னிடம் இப்போது எந்தச் சான்றும் இல்லை. இக்கடிதத்தின் இந்தப் பத்தியைச் சாமியாரிடம் காட்டலாம். டீக்கடையிலும் படித்துக் காட்டலாம்.

அடுத்து, பிரகதீஸ்வரி கண்டது. கண்டவள் அவள்; நான் அல்லன். செப்டம்பர் அளவையும் ஜனவரி அளவையும் எண்வாரியாகப் பக்கம் பக்கமாக வைத்தபோது, ஏறியிருந்த அளவு எல்லோருக்கும் ஒன்றுபோல் இறங்கவில்லை. பெரும்பாலோருக்கு நடையின் சுவடே இல்லாமல் தரையைத் தொட்டுவிட்டது. ஒரு சிலருக்கு நான்கு மாதத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. “சார், இதயத்துக்கு டிரெட்மில்லுல ஓட விட்டுப் பாக்குற மாதிரி, முட்டிக்கு இவங்களே நடந்து காட்டியிருக்காங்க” என்றாள். சும்மா இருக்கும் முழங்காலை அளந்தால் பழுது தெரிவதில்லை. பாரத்தைக் கொடுத்து, அது மீள்கிறதா என்று பார்த்தால் தெரிகிறது. எந்த நெறிமுறைக் குழுவும் எந்த மனிதரையும் ஆய்வுக்காக வேளாங்கண்ணிவரை நடக்கச் சொல்ல எனக்கு அனுமதி தராது. நாங்கள் கேட்காமலே நீங்கள் நடந்தீர்கள். மிகச் சிறிய தொடக்கம்தான். ஆனால் நான் இழந்த கட்டுரையைவிட இது பெரியது. அதில் அவள் பெயர் முதலில் இருக்கும். என் ஆய்வுக்கூடத்தைப் பற்றி இவ்வளவு பெருமை எனக்கு இதற்குமுன் இருந்ததில்லை.

மீளாத அந்த எண்களுக்கு உரியவர்கள் நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டிய முழங்கால்கள் என்று சொல்கிறேன். இப்போதே பார்த்தால் தொடைத் தசையைப் பலப்படுத்தியும் பாரத்தைக் குறைத்தும் பல ஆண்டுகளைக் காப்பாற்றலாம். ஆனால் யார் அவர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வது விதிமீறல். தன் அட்டை எண்ணைத் தானே எழுதிக் கேட்பவருக்கு மட்டுமே நாங்கள் பதில் சொல்லலாம்.

குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது; அது சொல்லாததற்கு மன்னிப்பு உண்டு. உனக்கு நரம்பு உண்டு, எழுத்தறிவும் உண்டு.

என் கோபம் தீரவில்லை. அதன் திசை மட்டும் மாறியிருக்கிறது. எட்டாம் வகுப்புக்குக் கீழ்த்தளத்தில் காற்று வருகிறதா?

உன் அண்ணன்,
சார்லஸ்

*

சேசு மரி சூசை

ஆவூர்
28 ஏப்ரல் 2024

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் பூரண சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கீழ்த்தளத்தில் காற்று வராது. உங்களுக்கு யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டேன். கிரேன் ஓட்டினவருக்கு இரண்டு நாள் ரசம் மட்டும்தான் ஊற்றினேன்.

சாமியார் உங்கள் பத்தியையும், பிரகதீஸ்வரி கண்டதையும், அட்டை எண் விஷயத்தையும் கடைசி ஆசீருக்கு முன்னால் வாசித்தார். யாரும் கைதட்டவில்லை, கோயில் இல்லையா. ஆனால் வெளியே வந்ததும், வாசலில் நின்று கேட்ட பிச்சையம்மாள் மதினி, “அப்ப நாம நடந்தது வீண் போகலையா?” என்றார். “போகல மதினி” என்றேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, “சார்லசுக்குச் சொல்லிவிடு, என் முட்டி சத்தம்தான் போடுது, அளவு எறங்கிருச்சாம்” என்றார். அதற்குள் அட்டை எண்ணை எழுதிப் பிரகதீஸ்வரிக்குப் போனில் அனுப்பிக் கேட்டுவிட்டார். அந்தத் தைரியம் எனக்கு வர இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

என் அட்டை எண் இருபத்தேழு.

பதில் எதுவானாலும் எனக்கே எழுதுங்கள், இவருக்கு வேண்டாம். மே மாதம் லீவில் சென்னைக்கு வருகிறேன். எந்த ஸ்கேன் சொல்கிறீர்களோ அதில் படுக்கிறேன்.

இன்னும் இரண்டு வருஷ நேர்ச்சை பாக்கி இருக்கிறது. நடக்காதே என்று நீங்கள் எழுதுவீர்கள். அதனால் முந்திக்கொண்டு கொடிக்காரரிடம் கேட்டேன். நேர்ந்தவருக்கு முடியாமல் போனால் யாருக்காக நேர்ந்தாரோ அவரே நடந்து தீர்க்கலாமாம். அப்படி முன்னால் நடந்தும் இருக்கிறதாம்.

கட்டாயம் ஒன்றும் இல்லை. வழக்கத்தைச் சொன்னேன். நான் சமையல் வண்டியில் வருவேன், ரத்தப் புட்டிகளின் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

உங்கள் தங்கை,
வேளாங்கண்ணி

*

சென்னை
5 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் பயிற்சிகளை நாள்தோறும் செய்கிறாய் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவரை நம்புகிறேன், உன்னை அல்ல. ஸ்கேனில் கண்டது தொடக்க நிலைதான் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். வலி வரும்வரை காத்திருந்தால் அதைக் கண்டிருக்க மாட்டோம். எட்டாம் வகுப்பு கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும். ஒரு மின்விசிறி வாங்கிக்கொள்.

இவ்வாண்டு ஆய்வுக்கு முறையான அனுமதி கிடைத்துவிட்டது. புறப்படுமுன், திரும்பியதும், மீண்டும் இரு வாரம் கழித்து என மூன்று முறை மாதிரி எடுக்கப்படும். எவரையும் நாங்கள் நடக்கச் சொல்லவில்லை, நடப்பவர்களை அளக்கிறோம். பிரகதீஸ்வரியின் கட்டுரை ஏற்கப்பட்டது. அதன் முடிவில் ஆவூர் மக்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். ஊர்ப் பெயரை எழுதலாமா என்று கேட்டாள், எழுது என்றேன்.

நான் ஆகஸ்ட் 27 அன்று வருகிறேன். எனக்கும் ஓர் அட்டை உண்டு. கொடியில் என் பெயரைக் கட்டக் கூடாது. நான் வேண்டுதலுக்காக நடக்கவில்லை, சர்க்கரை உள்ள ஐம்பத்தைந்து வயது ஆணின் மாதிரி ஆய்வுக்குத் தேவைப்படுவதால் நடக்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல். காவி வேட்டி ஒன்று வாங்கி வை. கூட்டத்தில் நான் மட்டும் வேறாகத் தெரிந்தால் அதுவே ஒரு பிழையாகிவிடும்.

கேள்வித்தாளை முற்றிலும் மாற்றி எழுதினோம். பழைய கேள்வி ஒன்றை மட்டும் நீக்காமல் விட்டிருக்கிறேன். திரும்பி வந்த மூன்றாம் நாள் பிரகதீஸ்வரி என்னை உட்கார வைத்து, “ரெண்டு வாரத்துல கஷ்டமான உழைப்பு ஏதும் உண்டா சார்?” என்று கேட்பாள். நான் பதில் சொல்லும்போது மாப்பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது.

உன் அண்ணன்,
சார்லஸ்